மலை வீடும் மூடிய கதவும்



ராயபுரத்துல கன்டெய்னர் லாரி சத்தத்துலயே வளர்ந்தவன் நான். போன மாசம் அப்பாவோட சண்டை போட்டுட்டு கோத்தகிரிக்குப் போயிட்டேன். பக்கத்துல கன்னேரிமுக்கில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா. சிதிலமாகிக் கிடந்ததைச் சீரமைத்து, இப்போ நினைவகமா வச்சிருக்காங்க. சுத்தியும் மலை, அமைதி. 'இப்படி ஒரு வீடு போதும், யாரும் வேணாம்'னு தோணுச்சு.

அப்புறம் யோசிச்சேன். கவனிக்க ஆளில்லாமதான் அந்த வீடு பாழாச்சு. அக்கறையுள்ளவங்க வந்ததாலதான் நிமிர்ந்தது. நம்ம பழனி ஆண்டவரும் கோபிச்சுக்கிட்டுத்தான் மலையேறினார். ஆனா கதவைச் சாத்திக்கலையே! இன்னிக்கும் எல்லாரும் படியேறிப் போறோம்.

தனிமை தேடுறது தப்பில்ல. யாரும் வரவே கூடாதுன்னு நினைக்கிறதுதான் தப்பு.

அன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்கு போன் பண்ணேன். "சாப்டியாடா?"ன்னு மட்டும்தான் கேட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!