ரசீது வாங்கிக்கொண்டு போன ராமன்

ஹைதராபாத்தின் சனத்நகரில் ராமன் கதை சொல்ல உட்காருகிறவர் உதாரணம் தேடி அயோத்தி வரைக்கும் போக வேண்டாம். ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் கோல்கொண்டா கோட்டை இருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிற இடம்தான். கீழ்வாசலில் கைதட்டினால் உச்சியில் கேட்கும் என்று கைடு தட்டிக் காட்டுவார், பிள்ளைகளுக்கு அதிலேயே பொழுது போய்விடும். அந்தக் கோட்டைக்குள்தான் ராமதாசர் பந்திகானா என்கிற கல் சிறைக்கூடம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். கூரையில் உள்ள துவாரத்தின் வழியே வெளிச்சம் இறங்குகிறது. கண் பழகிய பிறகு சுவரில் ராமர், லட்சுமணர், அனுமன் தெரிகிறார்கள். கைதியே செதுக்கியவை என்பது நம்பிக்கை.

அந்தக் கைதி கஞ்சர்ல கோபண்ணா. நம் பஜனை மடங்களில் பத்ராசல ராமதாசர் என்றால்தான் தெரியும். கோல்கொண்டாவை 1672 முதல் ஆண்ட அபுல் ஹசன் குதுப் ஷாவை மக்கள் தானிஷா என்பார்கள். அவருடைய அமைச்சர்களான அக்கண்ணாவும் மாதண்ணாவும் கோபண்ணாவுக்குத் தாய்மாமன்மார் என்பது வழக்கு. பால்வஞ்சா பகுதிக்குத் தாசில்தாராக வந்த கோபண்ணா, வசூலான வரிப்பணத்தை எடுத்துக் கோதாவரிக் கரையில் பத்ராசலம் ராமர் கோயிலைக் கட்டினார். ஆறு லட்சம் வராகன் என்கிறது கதை. கஜானாவுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. பன்னிரண்டு வருடம் சிறை.

காலட்சேபங்களில் இந்த இடத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். மகா பக்தர் செய்ததைத் தப்பு என்று சொல்ல நா எழாது. ஆனால் அது குடியானவர்கள் கட்டிய வரி, அரசன் கேட்டது நியாயமான கணக்கு. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போனால், பின்னால் நடக்கிற அற்புதத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

சிறையில் அவர் பாடிய கீர்த்தனைகளில் ஒன்று காம்போதியில் அமைந்தது. சீதைக்கு இது, பரதனுக்கு இது, லட்சுமணனுக்கு இது என்று செய்து போட்ட நகைகளை விலையோடு அடுக்கி, யார் வீட்டுச் சொத்தென்று போட்டுக்கொண்டு திரிகிறாய் என்று ராமனையே ஏசுகிறார். அதே பாட்டில், அடி தாங்காமல் திட்டிவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்கிறார். மாட்டிக்கொண்ட மனிதனின் குரல் அப்படியே அதில் இருக்கிறது. முதலில் கோபம் வரும், பிறகு நான் என்னென்ன செய்தேன் தெரியுமா என்ற பட்டியல் வரும், கடைசியில்தான் அழுகை வரும்.

ஒரு நாள் இரவு ராமோஜி, லட்சுமோஜி என்று பெயர் சொல்லிக்கொண்டு இரண்டு இளைஞர்கள் தானிஷாவின் படுக்கையறைக்கே வந்தார்கள். ஆறு லட்சத்தையும் கொட்டினார்கள். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் ராமனும் லட்சுமணனும்தான் என்கிறது கதை. கோபண்ணாவின் சிறைக்கதவு திறந்தது.

சர்வேஸ்வரன் நினைத்திருந்தால் பூட்டு தானாகத் தெறித்திருக்காதா? அவன் அப்படிச் செய்யவில்லை. காசு பாக்கியில்லாமல் செலுத்தி, எழுத்தில் ரசீதும் வாங்கினான். கோபண்ணாவுக்குக் கிடைத்த மறுவாழ்வில் கடன் மறைக்கப்படவில்லை, அடைக்கப்பட்டது. ராமதாசரின் பந்தத்தை ராமன் தீர்த்துவைத்த செய்தியைத் திருவையாற்றில் இருந்த தியாகராஜரும் தம் தேவகாந்தாரிக் கீர்த்தனையில் நினைத்துக்கொள்கிறார்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்தவர் மாணிக்கவாசகர். அங்கேயும் அரசாங்கப் பணம், அங்கேயும் தண்டனை. சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கணக்கை முடித்தார். முடிந்ததா? ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டன, மாணிக்கவாசகருக்குத் தண்டனை முன்னிலும் கடுமையானது. வைகை பெருகி, பெருமானே பிட்டுக்கு மண் சுமந்து, முதுகில் பிரம்படி வாங்கிய பிறகே அந்த வழக்கு ஓய்ந்தது. ஒப்புக்குக் காட்டிய குதிரையால் தீராதது, ஒருவர் உண்மையில் சுமந்த கூடையால் தீர்ந்தது.

சுமப்பவர் கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருவதிகையில் ஓர் அக்கா இருந்தார். தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெரிய பெயர் எடுத்துவிட்டார். திலகவதியார் கோயில் முற்றத்தைப் பெருக்கி மெழுகிக்கொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். சூலை நோயில் துடித்த தம்பி ஆளனுப்பியபோது, நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் இரவோடு இரவாகத் தம்பியே வந்து காலில் விழுந்தபோது கையில் திருநீறு கொடுத்தார். அக்கா தன் இடத்தை விட்டு இறங்கவும் இல்லை, வாசலை அடைக்கவும் இல்லை. பிள்ளை தடம் மாறிப்போன வீடுகளில் பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. எழுந்த தம்பி, திருநாவுக்கரசர், கடைசிவரை கையில் உழவாரத்தோடு கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார்.

இதே ஹைதராபாத்தில் சஞ்சல்குடா சிறையை ஒட்டிச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் இருக்கிறது, கைதிகள் அங்கே வேலை செய்கிறார்கள். சென்னைப் புழலில் 2023இல் பெண் கைதிகளைக் கொண்டே ஒரு பங்க் திறந்தார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போட்டு மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுக்கும் அந்தக் கையில் உழவாரத்தின் சாயல் இருக்கிறது.

கதவைத் திறந்துவிட்ட தானிஷாவின் கதை வேறு விதமாக முடிந்தது. எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் விழுந்தது. தானிஷாவைத் தௌலதாபாத் கோட்டையில் அடைத்தார்கள். 1699இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு வருடம். ராமோஜியும் லட்சுமோஜியும் அங்கே போனதாக எந்தக் கதையும் சொல்லவில்லை. ஆனால் பத்ராசலம் கல்யாணத்துக்கு அரசு சார்பில் முத்து அனுப்பும் வழக்கம் அவர் தொடங்கியது என்கிறார்கள். நிஜாம்கள் அதைத் தொடர்ந்தார்கள், இன்று தெலங்கானா அரசு தொடர்கிறது. ராமநவமியன்று சீதையின் தலையிலும் ராமனின் தலையிலும் அட்சதையோடு கலந்து அந்த முத்துகள் விழுகின்றன.