தாழ்ச்சி யாருக்கு?

தாழ்ச்சி என்கிற சொல்லை நான் முதலில் கேட்டது கோயிலில்தான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் விழுந்ததிலிருந்து ஈஸ்டர் ராத்திரி வரைக்கும் பிரசங்கம் முழுக்க அந்தச் சொல்தான். ஆண்டவர் தாழ்ச்சியுள்ளவர். மாதா தாழ்ச்சியுள்ளவள். சூசையப்பர் தாழ்ச்சியுள்ளவர். ஆகவே பிரியமானவர்களே, நீங்களும் தாழ்ச்சியாய் இருங்கள். கோயிலின் பின்பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த எங்க சனம் தலையைக் குனிந்துகொண்டு இதைக் கேட்கும். ஏற்கனவே குனிந்திருந்த தலைதான். அதற்குமேல் குனிய இடமில்லை.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற வழியில் உள்ள பங்கு எங்களுடையது. பேர் வேண்டாம். பேர் போட்டால், ‘ஓ, அந்த ஊர்ச் சமாச்சாரமா’ என்று மற்ற பங்குக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். ஊர்த்தெருவிலும் கிறிஸ்தவர்கள், காலனியிலும் கிறிஸ்தவர்கள். கோயில் ஊர்த்தெருவில். காலனிக்கு ஒரு கெபி மட்டும் உண்டு.

1998ஆம் வருசம் பெரிய வியாழன். எனக்குப் பத்து வயசு. அந்த ராத்திரிப் பூசையில் பன்னிரண்டு ஆம்பளைகளை உட்காரவைத்து சாமியார் அவர்கள் பாதத்தைக் கழுவுவார். ஊர்த்தெருவில் பத்துப் பேர், காலனியில் ரெண்டு பேர் என்று கணக்கு. யார் போட்ட கணக்கோ, ரொம்ப நாளாய் அதுதான். அந்த வருசம் ரெண்டில் ஒருத்தர் எங்க நைனா.

மத்தியானம் மூணு மணிக்கே நைனா அடிபம்புக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். கையில் ஒடைஞ்ச செங்கல். குதிகாலைத் தேய்க்கிறார், விரல் இடுக்கைத் தேய்க்கிறார். சேத்துப்புண் ஆறாத கால். தேய்க்கத் தேய்க்க ரத்தம் கசிகிறது. எங்க ஆயா திண்ணையிலிருந்து கத்தியது:

“இன்னாடா, தோல உரிச்சிடப் போறியா? கழுவத்தான கூப்ட்டுகீறாங்க? அழுக்கே இல்லன்னா சாமி எத்தக் கழுவும்?”

“சாமி கையி அழுக்காயிடும்மா.”

கோயிலில் சாமியார் மண்டி போட்டார். நைனாவின் வலது காலைப் பிடித்தார். தண்ணி ஊற்றினார், துண்டால் துடைத்தார், குனிந்து முத்தி செய்தார். நைனாவின் முழங்கால் நடுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. “என் காலத் தொட்டுட்டாருமா” என்று மட்டும் ரெண்டு முறை சொன்னார். சந்தோசமா, பயமா, வெட்கமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆயாதான் சொன்னது: “தொட்டாரு, செரி. ஊட்டுக்குள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிப்பாரான்னு கேளு.”

ஆயா கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்வியை நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருசத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் ஒரு பாடம் கிடைத்தது. தாழ்தல் தன்வினை. தாழ்த்துதல் பிறவினை. தாழ்த்தப்படுதல் செயப்பாட்டுவினை. கரும்பலகையில் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றபோது எனக்குக் கோயிலின் பாய் ஞாபகம் வந்தது.

தாழ்ச்சி என்பது தன்வினையில் பிறக்கிற அறம். தாழ்கிறவர் கையில்தான் அந்த வினை இருக்கிறது. தாழ வேண்டுமானால் முதலில் மேலே ஒரு இடம் இருக்க வேண்டும். யோவான் சுவிசேசத்தின் 13ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். தான் எங்கிருந்து வந்தவன், எங்கே போகிறவன் என்று தெரிந்துதான் இயேசு எழுந்து மேலாடையைக் கழற்றுகிறார். கழுவி முடித்ததும் மேலாடையைத் திரும்பப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் உட்காருகிறார். திரும்ப உட்கார இடம் இருக்கிறவருக்கு அது தாழ்ச்சி. அந்த இடமே இல்லாத என் நைனாவிடம் அதே தாழ்ச்சியைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? அடுத்தவன் செய்த பிறவினையை உன் தன்வினை என்று கையெழுத்துப் போட்டுக் கொடு என்று அர்த்தம். அவமானத்தைப் புண்ணியமாக மாற்றிக் காட்டுகிற வேலை இது.

“அப்போ தலித்துக்குக் கர்வம் கிடையாதா, அவன் பாவம் பாவமில்லையா?” என்று ஒரு குருமடத்து மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டியை அடிக்கிற இடத்தில் எங்க ஆளும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறான். அருந்ததியர் வீட்டு வாசலில் அவனும் மேலேதான். மேடையில் நடு நாற்காலிக்கு அலைகிற எங்க இயக்கத் தலைவர்கள் சிலருக்கு நாற்பது நாள் தவக்காலம் போதாது. யாருக்கு எந்த இடத்தில் இறங்குவதற்குப் படி இருக்கிறதோ அந்த இடத்தில் அவர் இறங்கட்டும். ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தை ஊற்றுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இன்னொரு விசயம். கால் கழுவுவது அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்தில் அடிமை செய்த வேலை, ஆண்டவரே அடிமை வேலை செய்தார் என்று பிரசங்கம் வைப்பார்கள். அடிமை என்றால் என்னவென்று எங்க பக்கத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் இதே பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பியது. அனுப்பியவர்களும் பைபிள் வாசித்தவர்கள்தான். பாஸ்கா ராத்திரியில், அடிமைகள் செங்கடலைத் தாண்டிய யாத்திராகம வாசகத்தை விடவே கூடாது என்பது சட்டம். அந்த வாசகம் வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்கு எதிர்த்திசையில் போன அந்தக் கப்பல்கள்தான் ஞாபகம் வரும்.

ஆனால் எங்க பாட்டன் அடிமைப்பட்டுக் கிடந்த பண்ணையில் ஆண்டையின் காலைக் கழுவச் சொல்லி ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் தொட்டால் கால் தீட்டு, தண்ணியும் தீட்டு. அடிமை வேலைக்குக்கூடத் தொடத்தக்க கை வேண்டியிருந்தது. ஆகவே பெரிய வியாழன் சடங்கு பாலஸ்தீனத்தில் சொன்ன சேதி வேறு, இந்த மண்ணில் சொல்ல வேண்டிய சேதி வேறு. இங்கே குனிவது பெரிசில்லை. தொடுவதுதான் பெரிசு. நைனா முழங்கால் நடுங்கியது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆயாவின் காப்பிக் கேள்வி திருச்சபைக்குப் புதுசில்லை. போப்பின் தூதராக வந்த துர்னோன் 1704இல் புதுச்சேரியில் போட்ட ஆணைகளில் ஒன்று, சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது. நாற்பது வருசம் வழக்கு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கண்ட வழி என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்! உள்ளே போக மாட்டேன் என்றவரை உள்ளே போகவைக்காமல், போவதற்கு வேறு ஆளை வைத்தார்கள். 2003 நவம்பரில் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களிடம் சாதிப் பிரிவினையை வளர்க்கிற வழக்கங்களைத் திருத்தச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 1704இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சர்க்கார் கதை வேறு மாதிரி. 1950ஆம் வருசத்து ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள், எங்களுக்கு இல்லை. செருப்புத் தைக்கிற சூசை என்பவர் ஒரு பெட்டிக்கடைக்காக உச்சநீதிமன்றம் வரை போய் 1985இல் தோற்றார். தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். பொன்னேரி சட்டமன்றத் தனித்தொகுதி. ஞானஸ்நானப் பதிவில் பேர் இருக்கிற எங்க காலனிக்காரர் யாரும் அதில் நிற்க முடியாது. ஆக, கோயில் எங்களைப் பார்த்துத் தாழ்ந்திரு என்கிறது. சட்டம் எங்களைப் பார்த்து நீ தாழ்த்தப்படவே இல்லை என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தச் செயப்பாட்டுவினை எங்கே போய்விட்டது?

இனி அம்மா கதை. 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ், பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றினார். அடுத்த வருசம் எங்க பங்குப் பேரவை அம்மா பேரைப் பட்டியலில் போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெண்கள் கூட்டம் கூட்டமாய்ப் பேசித் திரிந்த நேரம் அது. அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவள், குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. அந்தக் கால் பீடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும் என்று நினைக்கும்போதே எனக்கு ஒரு கட்டுரை தயாராகிவிட்டது. அம்மா போக மாட்டேன் என்றாள்.

“ஏம்மா, ரெண்டாயிரம் வருசமா ஆம்பளைக்கே கழுவினாங்க. இப்பத்தான் நமக்கு உரிமை வந்துருக்குது.”

“இன்னாடி உரிம? என் கால நானே கழுவிக்குவேன். உங்க ஆயா கெடக்கற எடத்துக்கு ஒரு பாத போடச் சொல்லு.”

எங்க கல்லறை ஒன்றுதான், ஆனால் ரெண்டு. கேட்டு ஊர்த்தெருப் பக்கம். நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கருவேல முள்வேலி. காலனிப் பொணம் பின்பக்கத்து ஓடையில் இறங்கி ஏற வேண்டும். ஐப்பசி மழையில் ஆயாவைத் தூக்கிக்கொண்டு போனபோது தண்ணி இடுப்பு வரைக்கும். பெட்டி ஒருபக்கம் சாய்ந்ததை அம்மா மறக்கவில்லை. பங்குப் பேரவையில் அம்மா எழுந்து இதைச் சொன்னபோது, ‘புனித வாரத்தில் இந்தப் பேச்சு எதுக்கு, கொஞ்சம் தாழ்ச்சியா இருங்க’ என்று பதில் வந்தது. அதே சொல்! என்னைப் பொறுத்தவரை, அந்த வருசம் அந்தக் கோயிலில் சுவிசேசம் பேசிய ஒரே ஆள் அம்மாதான். நானோ அன்றைக்கு, அம்மாவுக்கு அரசியல் புரியவில்லை என்று நினைத்தேன்.

இது எங்க ஊரோடு முடிகிறதில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களைச் சாதி பிரித்த சுவர் ஊரறிந்தது. ஏறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அதில் மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். செத்த இருவரும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள். அந்தச் சாவில் எங்களுக்கு வெற்றி ஒன்றும் இல்லை. நாள் 2008 மார்ச் 9, தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. அந்த ஞாயிறுக்கு அந்த வருசத்து சுவிசேச வாசகம், லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பிய கதை.

இப்போது எங்க பங்கில் இருக்கிற சாமி தலித். இங்கேதான் என் இலக்கணம் தடுமாறுகிறது. அவர் பாதம் கழுவுகிறார் என்றதும் ஊர்த்தெருவில் ஒருத்தருக்கு சர்க்கரைப்புண், ஒருத்தருக்கு மூட்டுவலி, ஒருத்தர் வீட்டில் திடீர்த் துக்கம். சரி, வராதவரைப் புரிந்துகொள்ளலாம். வந்தவர்களில் ஒரு பெரிய வீட்டுக்காரர் காலை நீட்டினார். எந்த நடுக்கமும் இல்லாமல், திண்ணையில் நீட்டுகிற மாதிரி நீண்டது அந்தக் கால். அதே தண்ணி, அதே துண்டு. நைனா காலில் தாழ்ச்சியாக இருந்தது இந்தக் காலில் பழைய வேலையாகத் தெரிந்தது.

பூசை முடிந்து சாமியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “குனியறப்ப எனக்கும் அதான்மா ஓடுது. நான் ஆண்டவரா குனியறனா, எங்கப்பனா குனியறனான்னு. ஆனா எழுந்து அப்பத்தை எடுக்கறேன் இல்ல, அத அவரு என் கையிலருந்து வாங்கித்தானே ஆவணும்.”

அந்தப் பதிலில் எனக்குப் பாதிதான் சம்மதம். நற்கருணை கடவுளின் உடல். அதற்குத் தீட்டில்லை என்று ஒரு சமாதானம் எப்போதும் தயாராய் இருக்கிறது. சோற்றுக்கு அப்படிச் சமாதானம் இல்லை. அதே பெரிய வீட்டுக்காரர் சாமியைத் தன் வீட்டுப் பந்தியில் எங்கே உட்காரவைப்பார் என்று நான் கேட்டேன். சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுத மாட்டேன்.

முள்வேலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அம்மா மனுக் கொடுத்ததில் ஓடைக்கு இந்தப் பக்கம் நூறடிக்குச் செம்மண் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஊர்த்தெருக்காரர் பட்டா என்று நிற்கிறது.

இந்த வருசம் ஈஸ்டர் காலையில் அம்மாவும் காலனிப் பெண்கள் நாலு பேரும் மெழுகுதிரி எடுத்துக்கொண்டு ஆயா கல்லறைக்குக் கிளம்பினார்கள். ராத்திரி விழிப்புப் பூசை செய்த களைப்போடு சாமியும் கூட வந்தார். கேட்டு வழியாகப் போகலாமே என்று ஒருத்தர் சொன்னார். “இவங்க போற வழிலயே வரேன்” என்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். முட்டி வரைக்கும் கறுப்புச் சேறு. மந்திரித்து, ஜெபம் சொல்லி, திரும்பவும் அதே ஓடை.

வீட்டு வாசலில் அம்மா சொம்புத் தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். யார் வந்தாலும் வைக்கிற மாதிரி.

“காலக் கழுவிகினு உள்ள வாங்க சாமி. பாலு இல்ல, வரக்காப்பிதான்.”

அவர் சொம்பை எடுத்துத் தன் காலைத் தானே கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.