தேருக்குக் கட்டை போடுபவர்கள்

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வடபத்ரசாயி கோயில் வாசலில் பதினொரு நிலைகளோடு 192 அடி உயரத்துக்கு நிற்கும் ராஜகோபுரத்தைக் கைகாட்டிவிடுவார்கள். தாத்தா சொன்னதும் அதுதான், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதும் அதுதான். மதுரைக்காரர்களிடம் வேறு கதை இருக்கிறது. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைப்பேசியில் விக்கிப்பீடியாவைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக் கோபுரம் என்று ஒரு வரி கண்ணில் படுகிறது. சுருக்கென்கிறது. பக்கத்தில் 'தொகு' என்ற சொல் இருப்பதை அன்றைக்குத்தான் கவனிக்கிறார். தட்டுகிறார். எழுதும் பெட்டி திறந்துகொள்கிறது. படிப்பு என்ன, வேலை என்ன என்று யாரும் கேட்கவில்லை. மதுரை வரியை அழித்துவிட்டு, இது எங்கள் ஆண்டாள் ஊர்க் கோபுரம் என்று எழுதிச் சேமிக்கிறார். கால் மணி நேரத்தில் பக்கம் பழையபடி ஆகிவிடுகிறது. 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டே சொல் எழுதியிருக்கிறார்: சான்று தேவை.

அவரைத் தொகுக்க வைத்தது எது? கலைக்களஞ்சியம் வளர்க்கும் எண்ணம் அந்த நேரத்தில் அவர் மனதில் இல்லை. ஊர்ப்பாசமும் அதோடு ஒட்டிவந்த கோபமும்தான் இருந்தன. கூலி வாங்காமல், பெயர் போடாமல் பொதுவுக்கு எழுதும் காரியத்தில் இப்படி ஒரு நோக்கத்தோடு கால் வைப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தன்னார்வத் தொண்டு என்றாலே தன்னலமே இல்லாத மனம் வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். குறளில் ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்த மொழி இது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த மனிதர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? 2007இல் ஒடெட் நோவ் என்ற ஆய்வாளர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களிடம் எதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மேலே வந்த பதில், எழுதுவது பிடித்திருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்பது. அறிவு எல்லாருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையும் உயர்ந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொள்கையை அழுத்திச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் எழுதினார்கள் என்று சொல்ல முடியவில்லை. கொள்கை பேசுவதும் குனிந்து வேலை பார்ப்பதும் தனித்தனி என்பது கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

தமிழில் கலைக்களஞ்சியம் உண்டாக்கியவர்களின் கதையைப் பார்த்தாலும் நோக்கங்கள் கலந்தே கிடக்கின்றன. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனி ஆளாகத் தகவல் திரட்டி 'அபிதான சிந்தாமணி'யை எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலை அச்சிட ஆள் தேடி அலைந்தார். கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் மூலம் 1910இல் வெளிவந்தது. பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்காதா? இருந்திருந்தால்தான் என்ன குறை? பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அதற்கு அலுவலகம் இருந்தது, சம்பளம் இருந்தது, துறை வல்லுநர்கள் எழுதினார்கள். சம்பளம் வாங்கினார்கள் என்பதற்காக அந்தத் தொகுதிகளின் மதிப்பு ஓர் இம்மி குறையவில்லை.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அலுவலகமும் இல்லை, வல்லுநர் குழுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்த இ. மயூரநாதன் அந்த ஆண்டு நவம்பரில் உள்ளே வந்து, தளத்தின் சொற்களைத் தமிழாக்கி, கட்டுரை மேல் கட்டுரையாக எழுதத் தொடங்கினார். தொடக்க மாதங்களில் அநேகமாக அவர் ஒருவர்தான். பகலில் பிழைப்பு, இரவில் இது. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வந்த விருதை நோக்கமாக வைத்து ஒருவர் இத்தனை இரவுகள் கண்விழித்திருக்க முடியாது.

ராஜபாளையத்திலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளின் கதையை 'ஆமுக்த மால்யதா' என்று தெலுங்கில் காவியமாக எழுதினார். கதை நடப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அந்த ஊர் மகளைப் பற்றிய அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் மு. கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு பேசும் சமூகத்தில் பிறந்து பாலி, பிராகிருதம் வரை கற்ற பன்மொழி அறிஞர். சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இந்த நூலுக்குக் கிடைத்தது. பேருந்தில் அரை மணி நேர தூரத்திலிருக்கும் கோயிலின் கதை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் வேறு மொழியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. தாய்மொழிப் பற்றா, பக்கத்து ஊர்ப் பற்றா, புலமையின் சுகமா என்று அவர் நோக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. மூன்றும் சேர்ந்துதான் அந்த நூல்.

ஆகவே எந்த நோக்கத்தோடு வந்தாலும் நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. பணம் வந்த இடங்களைப் பார்த்தால் அது புரியும்.

2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியே, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கச் செய்தது. நீளநீளமான கட்டுரைகள் வந்து இறங்கின. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் முதுகெலும்போடு இருந்தன. தமிழ் வாசகர் தேடாத அமெரிக்கப் பாடகர்களைப் பற்றிய பக்கங்களும் அதில் இருந்தன. தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்தோடு பேசி, எதை மொழிபெயர்ப்பது, எப்படித் திருத்துவது என்று நிபந்தனை வைத்தார்கள். கூலி வாங்கியதை அங்கே தவறென்று சொல்ல முடியாது, உழைப்புக்குக் கூலி நியாயம்தான். கட்டுரையை ஏற்றியதோடு எழுதியவரின் பொறுப்பு முடிந்துபோனதுதான் சிக்கல். உரையாடல் பக்கத்தில் யாராவது ஒரு பிழையைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பிள்ளை பெற்று வாசலில் வைத்துவிட்டுப் போனதுபோல அந்தப் பக்கங்கள் கிடந்தன. துடைத்து எடுத்தவர்கள் கூலி வாங்காத மற்றவர்கள்.

பரிசுகளின் கதை வேறு மாதிரி. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ் விக்கிப்பீடியா தமிழக அரசோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. பின்னர் வேங்கைத் திட்டம் என்ற பெயரில் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்குள் கட்டுரைப் போட்டி. இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது. பரிசுக்காக வந்தவர்களில் பலர் போட்டி முடிந்ததும் போனார்கள். சிலர் தங்கினார்கள். அந்தச் சிலருக்காகப் போட்டி நடத்தலாம் என்றே தோன்றுகிறது. வந்தவர் எல்லாரும் தங்க வேண்டும் என்று எந்தத் திருவிழாவும் கேட்பதில்லை.

இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆற்றைவிடக் கண்மாயை நம்பிப் பிழைத்த ஊர்கள் அதிகம். கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலக்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பித் தூர் வார வேண்டும், கரை உடைந்தால் மண் போட வேண்டும். குடிமராமத்து என்று பெயர். அது தர்மமும் இல்லை, கூலிவேலையும் இல்லை. தண்ணீர் எடுப்பவனின் கடன். 1858இல் ஆங்கில அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஊர் தானாகச் செய்ததைத் தண்டனைக்குப் பயந்து செய்ய வைத்த பிறகு அந்தப் பழக்கம் மெலிந்துதான் போனது. விக்கிப்பீடியாவும் இப்படி ஒரு பொதுக் கண்மாய்தான். அதன் உரிமம் யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம் தருகிறது, வியாபாரத்துக்கும்கூட. தேடுபொறிகள் அதன் பத்திகளை எடுத்துத் தம் பக்கத்தில் காட்டுகின்றன, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அதைக் கொண்டு தம் மொழிக் கருவிகளைப் பழக்குகின்றன. ராத்திரி பத்து மணிக்கு எழுத்துப்பிழை திருத்தியவரின் உழைப்பு கோடிகளுக்கு அதிபதியான நிறுவனத்துக்குப் போகிறதே, இது சுரண்டல் ஆகாதா என்று கேட்கிறார்கள். அறிந்தே கொடுத்ததைச் சுரண்டல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் கண்மாயில் அதிகம் இறைப்பவன் அதிகம் தூர் வார வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கே மட்டும் ஏன் பொருந்தாது? கொடுத்தவரிடம் நோக்கத்தைக் கேட்டுக் குடைவதைவிட, எடுப்பவரிடம் கடமையைக் கேட்பது நியாயம்.

நோக்கத்தைப் பார்க்கவே கூடாத இடம் என்று இதைச் சொல்லவும் முடியாது. தன் கடையைப் பற்றி, தன் சாதித் தலைவரைப் பற்றி, தான் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி எழுத வருபவர் உண்டு. காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் காசைச் சொல்லச் சொல்லலாம், பாசத்தை எந்த விதி சொல்ல வைக்கும்? ராஜபாளையம் நாயைப் பற்றி எழுதுபவருக்கு அந்த நாயின் மேல் பிரியம் இல்லாமலா இருக்கும்? சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்கான கட்டுத்துணி நெய்வதைப் பற்றி, அந்தத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர் எழுதாமல் வேறு யார் எழுதுவார்? பற்று இல்லாதவர் இந்தப் பக்கங்களைத் தொடங்கவே மாட்டார். எனவே பற்றைக் குற்றமாக வைக்க முடியாது.

சோதனை வேறொரு இடத்தில் இருக்கிறது. எழுதியது திருத்தப்பட்ட பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். வடத்தில் கை வைத்துவிட்டுப் போக வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். வேண்டுதல் இருக்கும், வேடிக்கை இருக்கும், படம் எடுத்து அனுப்பும் ஆசையும் இருக்கும். யாருடைய நோக்கமும் தேரின் நகர்வைக் கெடுப்பதில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி வேறு சிலர் ஓடிவருவார்கள். கையில் கனத்த கட்டை. தேர் ஒரு பக்கம் சாய்ந்து வீட்டுத் திண்ணையை நோக்கிப் போனால் அந்தச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பார்கள். மரம் நசுங்கும் சத்தம் கேட்கும், தேர் ஒரு நொடி தயங்கித் திரும்பும். வளைவில் தேரைத் திருப்புவது வடம் இல்லை, இந்தக் கட்டைதான். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது வசைச்சொல்லாகிவிட்டது. தேரடியில் அதற்கு அந்தப் பொருள் கிடையாது.

'சான்று தேவை' என்று எழுதிவிட்டுப் போனவர் கட்டை போட்டவர். விக்கிப்பீடியாவில் அவருடைய வேலைதான் யார் கண்ணிலும் படாதது. அவர் பெயர் கட்டுரையில் வராது. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு கொடுத்தாலும் உபயம் என்று பெயர் எழுதும் பழக்கம் உள்ள நாட்டில், ஆயிரம் பக்கங்களைத் தவறிலிருந்து காத்தவரின் பெயர் 'வரலாறு' என்ற பகுதிக்குள் யாரும் திறக்காத பட்டியலில் கிடக்கிறது. அவரையும் ஏதோ ஒரு நோக்கம்தான் இழுத்து வந்திருக்கும். எழுத்துப்பிழை பொறுக்காத எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

இனி நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவருக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. மறுபடி அழித்து மறுபடி எழுதிச் சண்டை போடலாம். சீ என்று கைப்பேசியை வைத்துவிட்டுப் போகலாம். மூன்றாவது வழிக்குத்தான் பொறுமை வேண்டும். உரையாடல் பக்கத்தைத் திறந்து, உங்களிடம் என்ன ஆதாரம் என்று கேட்கலாம். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடலாம். நூலகத்தில் பழைய பத்திரிகை, அரசு வெளியீடு, கிருஷ்ணராவைப் பற்றி எழுதப்பட்டவை. தேடிப்போனால் தாத்தா சொன்னது உறுதிப்படலாம், உறுதிப்படாமலும் போகலாம்.

அவர் அந்த மூன்றாவது வழியில் போய், சில வாரம் கழித்து, இரண்டு கருத்துகளையும் அவற்றின் சான்றுகளோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக் கோபுரம் என்ற வரியை அன்றைக்கு அழித்த அதே விரல் இப்போது அதை எழுத்து எழுத்தாகத் தட்டி உள்ளே சேர்க்கிறது. அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ராஜகோபுரம் தெரிகிறது. சேமி என்பதைத் தட்டுகிறார்.