ஔவைக்குக் கிடைச்ச ரெண்டு பழம்

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



பொங்கல் லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பீங்க. பொங்கல் முடிஞ்சா தைப்பூசம். எங்க தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேரைப் பெண்களே வடம் பிடிச்சு இழுக்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேணும். பழனிக்குப் போற ரோடு முழுக்க அன்னதானப் பந்தல் நிக்கும். பாத யாத்திரை போறவங்களை நம்ம ஜனங்க பசியோட விட மாட்டாங்க.

ஆனா அதே நேரத்துல, நம்ம தெருவுலயே புதுப்பானை வாங்க முடியாத வீடு ஒண்ணு இருக்கும். அந்த வீட்டுக்காரங்க பந்தல் வரிசையில வந்து நிக்க மாட்டாங்க. கேட்டா "எங்களுக்கு என்னங்க குறை"ன்னு சிரிப்பாங்க. இன்னைக்கு அவங்களைப் பத்தித்தான் பேசப் போறோம்.

அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்துல ஒரு பாட்டு பாடியிருக்கார். வேலவனை வாழ்த்துங்க, ஏழைகளுக்கு உடைஞ்ச நொய்யரிசி அளவாவது பகிர்ந்து கொடுங்கன்னு சொல்றார். கூடவே ஒரு உவமை. வெயில்ல நடக்கும்போது நம்ம நிழல் நம்ம கூடவேதான் வருது, ஆனா அந்த நிழல்ல நாம ஒதுங்க முடியுமா? கையில இருக்கிற பொருளும் அப்படித்தான், கடைசிப் பயணத்துக்கு உதவாதுங்கறார்.

வாழ்த்துறதையும் பகிர்றதையும் ஒரே மூச்சுல சொல்லிட்டார், கவனிச்சீங்களா? முதல்ல பாராயணம், நேரம் கிடைச்சா தர்மம்னு பிரிக்கலை. அளவையும் சொல்லிட்டார். நொய்! முழு அரிசி கூட இல்லை. "சம்பளம் ஏறட்டும், ஹோம் லோன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ல நமக்கு வழியே வைக்கலை.

சரி, எவ்வளவு கொடுக்கணும்னு தெரிஞ்சுது. எப்படிக் கொடுக்கணும்? அதுக்கு எங்க ஊர் மண்ணுலயே பதில் இருக்கு.

தருமபுரிக்குப் பழைய பேரு தகடூர். அதியமான் ஆண்ட ஊர். இன்னைக்கும் பக்கத்துல அதியமான்கோட்டைன்னு ஒரு ஊரே இருக்கு. அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நாம ஸ்கூல்ல படிச்சதுதான். ஆனா புறநானூறு 91-ஆம் பாட்டுல ஔவை எதைச் சொல்லி வியக்குறாங்க தெரியுமா? சாவையே தள்ளி வைக்கிற கனின்னு அவனுக்குத் தெரியும். மலைப்பிளவுல இருந்து எடுக்கிறதுக்கே பாடு. அவ்வளவும் தெரிஞ்சும் அதோட பெருமையை வெளியில சொல்லாம, தன் மனசுக்குள்ளயே அடக்கிக்கிட்டுக் கொடுத்தான். அதுதான் அவங்களை உருக்குது.

இன்னொரு பழம் நம்ம அப்பன் முருகன் கொடுத்தது. நாவல் மரத்து மேல மாட்டுக்காரப் பையனா உட்கார்ந்துகிட்டு "சுட்ட பழமா, சுடாத பழமா"ன்னு கேட்ட கதை. அந்த ஔவை வேற, சங்க கால ஔவை வேறன்னு அறிஞர்கள் சொல்றாங்க. இருக்கட்டும். ரெண்டு கதையும் சொல்றது ஒண்ணுதான். அதியமான் பழத்தோட மதிப்பை மறைச்சுக் கொடுத்தான். முருகன் தன்னையே மறைச்சுக்கிட்டுக் கொடுத்தான். பேனர் கட்டிக் கொடுக்கலை.

இது ஏன் முக்கியம்னு நான் கண்ணால பார்த்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. கடலுக்கும் நமக்கும் ரொம்ப தூரம்னு இருந்தோம். ஆனா டிசம்பர் 2 காலையில கணக்குப் பார்த்தா, ஒரே நாள்ல அரூர்ல 33 சென்டிமீட்டர் மழை, பக்கத்து ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர். அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. நடுவுல பதினோரு நாள்தான். பெங்களூர்ல வேலை பார்க்கிற நாங்க நாலஞ்சு பேர் லீவு போட்டுட்டு அரூர் பக்கம் கிளம்பினோம். போறதுக்கு முன்னாடியே அங்கன்வாடி அக்கா ஒருத்தங்ககிட்ட போன்ல விசாரிச்சோம். "அரிசி வந்துருச்சு தம்பி. பாய், போர்வை, தீபத்துக்கு எண்ணெய், இது யாருமே கொண்டு வரலை"ன்னாங்க. அதையே வாங்கிட்டுப் போனோம்.

ஒரு வீடு. மண் சுவத்துல ஒரு பக்கம் சரிஞ்சு போய், தார்ப்பாய் கட்டியிருந்தாங்க. வீட்டுக்காரர் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, வேலை இல்லாம ரெண்டு வாரமா பணம் அனுப்பலை. நாங்க பையை நீட்டினதும் அந்த அக்கா கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. "நாங்க இன்னும் அந்த நிலைமைக்கு வரலை தம்பி, இல்லாதவங்களுக்குக் கொடுங்க"ன்னாங்க. வாசல்ல ரெண்டு பிள்ளைங்க பையையே பார்த்துக்கிட்டு நிக்குது.

எங்க கூட வந்த ஒருத்தன் சொன்னான்: "அக்கா, இது உதவி இல்லை. கார்த்திகைக்கு அண்ணன் தம்பி சீர் கொண்டு வர்றது உண்டுல்ல? அப்படி நினைச்சுக்கோங்க."

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க, "சீர்னா, தம்பி வெறும் வயித்தோட போகக் கூடாது." ராகிக் களியும் கீரையும் போட்டாங்க. நாங்க உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்புறம்தான் பையை வாங்கினாங்க.

யோசிச்சுப் பாருங்க. சரவணப் பொய்கையில பிறந்த ஆறு குழந்தைங்களைத் தூக்கிப் பால் கொடுத்தது யாரு? கார்த்திகைப் பெண்கள். பெத்தவங்க இல்லை, உறவு இல்லை. ஊர்ப் பிள்ளைன்னு நினைச்சிருந்தா தூக்கியிருக்கவே மாட்டாங்க, தன் பிள்ளைன்னு நினைச்சுத் தூக்கினாங்க. அதனாலதான் நம்ம சாமிக்குக் கார்த்திகேயன்னு அவங்க பேரே நிலைச்சுது. தானமா கொடுத்தா வாங்குறவங்க தலை குனியுது. உறவா கொடுத்தா குனிய வேண்டியதில்லை.

அதனால இந்தப் பொங்கலுக்கு நான் கேட்டுக்கிறது இதுதான்:

1. முதல்ல விசாரிங்க. ரிக்வயர்மென்ட் கேட்காம கோடு எழுத மாட்டோம்ல? அங்கன்வாடி அக்கா, சத்துணவு அக்கா, பள்ளிக்கூட டீச்சர், இவங்களுக்கு எந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு தெரியும். ரகசியமா கேளுங்க.

2. முன்னாடியே போங்க. போகிக்கு முன்னால போனாதான் பிள்ளைக்குத் துணி எடுக்க, பானை வாங்க நேரம் இருக்கும். பொங்கல் அன்னைக்கு மத்தியானம் போற பை, அந்த வீட்டுக்கு இல்லாமையை ஞாபகப்படுத்தும்.

3. போட்டோ வேண்டாம். அந்தப் பிள்ளையோட கிளாஸ்மேட் உங்க ஸ்டேட்டஸைப் பார்ப்பான். நாளைக்கு அது ஸ்கூலுக்குப் போகணும்.

4. அவங்க கொடுக்கிறதைச் சாப்பிடுங்க. ஒரு வாய் தண்ணியாவது வாங்கிக் குடிங்க.

5. பணம் இல்லைன்னாலும் லேப்டாப் இருக்கு. பொங்கல் பரிசு ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். கார்டே இல்லாத வீடு இருக்கு, முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கத் தெரியாத பாட்டி இருக்காங்க. ஒரு மத்தியானம் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தை முடிச்சுக் கொடுங்க. அதுவும் அருணகிரியார் சொன்ன நொய்தான்.

ஒரு ஆளுக்கு ஒரு வீடு போதும். கொடுத்துட்டு வந்து யார்கிட்டயும் சொல்லாதீங்க. தைப்பூசத்தன்னைக்குக் கோயில்ல நிக்கும்போது அவன்கிட்ட கூடச் சொல்ல வேண்டாம். மாட்டுக்காரப் பையனா மரத்து மேல உட்கார்ந்து அவன் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பான்.

எல்லா வீட்டுலயும் பானை பொங்கட்டும். எந்த வீட்டுலயும் தலை குனியாம பொங்கட்டும்.

முருகா சரணம்! கந்தனுக்கு அரோகரா!