வந்த சொல்லை அனுப்புதலும் வினையே

அண்மையில் நம்பாற் சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்டு வரும் இளைஞரொருவர் வாடிய முகத்தினராய் வந்தார். முதிய புலவரொருவர் காலமாயினார் என்னும் செய்தி தம் கைபேசியில் வர, அதனை அவர் வாட்ஸப் வாயிலாகப் பல குழுக்கட்கும் அனுப்பிவிட்டனர். புலவரோ நலமே இருந்தார். வெளியூரிலுள்ள அவர்தம் மகளார் அச்செய்தியைக் கண்டு அழுதரற்றிய பின்னரே உண்மை தெரிந்தது. "ஐயா, அஃது யான் எழுதியதன்று, வந்ததை அனுப்பினேன். என்பாற் குற்றம் உண்டோ?" என்று அவர் வினவினார். இவ்வினா இளைஞர் பலர்க்கும், முதியோராகிய நமக்குமே உரியதாகலின், ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர் வினை ஈட்டும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. செய்தி அனுப்புங்கால், 'பிறரும் அறிக' என எண்ணுதல் மனத்தின் தொழில். செல்வது சொல்லாகலின் அது வாக்கின் தொழில். விரலாற் றொடுதல் காயத்தின் தொழில். மூன்றும் கூடிய ஒன்றனை வினையன்று என்றல் யாங்ஙனம் பொருந்தும்? பிறர் எழுதிய சொல்லேயாயினும், அனுப்பியவழி அது நம் சொல்லாயிற்று. என்னை? பெறுவோர் முதற்கண் எழுதினவனை அறியார், நம்மை அறிவர். நம்மை அறிந்தமை பற்றியே அதனை நம்புகின்றனர்.

அற்றேல், பொய்யென்று அறியாது நன்மை கருதி அனுப்பினார்க்கும் குற்றம் உண்டோ எனின், நிகழ்ந்த தொன்றனைக் காட்டி விளக்குதும். 2018-ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த அத்திமூர்க்கு, குலதெய்வ வழிபாட்டின் பொருட்டுச் சென்னையினின்று உறவினரோடு வந்த முதிய அம்மையார் ஒருவர் குழந்தைகட்கு மிட்டாய் கொடுத்தனர். குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்னும் வதந்தி முன்னமே கைபேசிகளிற் பரந்திருந்தமையின், ஊரார் திரண்டு அவரை அடித்துக் கொன்றனர். உடன் வந்தோரும் கடுங்காயமுற்றனர். வதந்தியை அனுப்பினோருட் பெரும்பாலோர் கொலை கருதினாரல்லர். தம் குழந்தைகளைக் காக்கவே கருதினர் எனக் கொள்ளலாம். அவர் எண்ணம் நன்றேயாயினும், ஆராயாமை என்னும் குற்றம் அவர்பால் நின்றது. ஆராய்தற்கு வாய்ப்பிருந்தும் ஆராயாதொழிதல், அறியாமையோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவதன்று.

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் அளவையை முன்வைத்தே பொருளாராய்ச்சி நிகழ்த்துவாராயினர். காண்டல், கருதல், உரை என்னும் அம்மூன்றனையும் இளைஞர் கைபேசியின்கண்ணும் எடுத்தாளல் வேண்டும். உரையளவையுட் டலையாயது முதல்வன் அருளிய நூல். உலகவழக்கிலும் பொய்யாமை தெளியப்பட்டாரது மொழியே அதன்பாற் படும். சொன்னவன் இன்னான் என்றே விளங்காத செய்தி எவ்வளவையுள் அடங்கும்?

'படத்திற் கண்ணாரக் கண்டேமே' எனின், காட்சியினும் ஐயமும் திரிவும் உள. 2018-இல் இந்நாட்டிற் பல மாநிலங்களிற் பரவிய படமொன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு குழந்தையைக் கவர்ந்து செல்வர். அது கராச்சி நகரில், குழந்தைகளைக் காக்குமாறு மக்களை விழிப்பித்தற்கு எடுக்கப்பட்ட படம். அவ்விருவரே குழந்தையைத் திரும்பக் கொணர்ந்து விடும் இறுதிப் பகுதி அறுத்து நீக்கப்பட்டது. கண்டது மெய், கொண்ட பொருளோ பழுதையைப் பாம்பென்ற திரிவாய் முடிந்தது.

இவ்வாராய்ச்சிக்குத் தடையாவது, 'யானே முந்திச் சொன்னேன்' என்னும் விரைவு. பிறர் இடும் விருப்பக் குறிகளை எண்ணி மகிழ்தலும் அதன் கிளையே. யான், எனது என்னும் செருக்கு இக்காலத்து இவ்வுருவிலும் தோன்றுகின்றது.

2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்கட்கு மேல் அனுப்பவொட்டாத வரம்பினை வாட்ஸப் நிறுவனத்தார் இந்நாட்டில் அறிவித்தனர். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதார் முதன்மையான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தல் 2025 டிசம்பர் 10 முதல் விலக்கப்பட்டது. இவையெல்லாம் வேலி, வேண்டுவனவே. ஆயினும், பதினாறாம் வயதிற் கதவு திறக்குமன்றே? அன்று உட்புகும் பிள்ளைக்கு அளவையறிவு முன்னரே பயிற்றப்பட்டிருத்தல் வேண்டும். திருமடங்களிலும் பாடசாலைகளிலும் தருக்கம் கற்பிக்கும் அன்பர்கள், குடமும் படமும் ஆகிய பழைய எடுத்துக்காட்டுகளோடு இதனையும் ஒன்றாகச் சேர்த்துக் கொள்வாராக. சொன்னவர் யார், முழுதும் கண்டோமா, இதனால் யார்க்கு என்ன விளையும் என மூன்றனை வினவி, விடை கிடையாவழி அனுப்பாதிருத்தலே இளைஞர்க்கு நாம் கற்பிக்கத் தக்கது. நாமும் அங்ஙனம் ஒழுகினாலன்றி அவர் கேளார்.

நம் மாணாக்கர்க்குக் குற்றம் உண்டென்றே கூறினோம். அவர் அன்றே எல்லாக் குழுக்கட்கும் தம் பிழையை எழுதி, புலவர் இல்லத்திற்கு நேரிற் சென்று பொறுத்தருள வேண்டினர். புலவர் நகைத்து, உணவளித்து அனுப்பினாராம். ஆயினும், பொய் சென்ற இடமெல்லாம் அத்திருத்தமும் சென்றதோ என்பதனை அவரும் அறியார்; யாமும் அறியேம்.