'போதும்' என்று சொல்ல யாருக்கு உரிமை?

1973 நவம்பர் 27. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக்கை, அங்கேயே வேலை பார்த்த வார்டு பாய் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். மூளைக்குப் பிராணவாயு போகவில்லை. உயிர் மட்டும் தங்கியது. அப்போது அவருக்கு வயது 25. அதே மருத்துவமனையின் நான்காம் வார்டில் ஏறத்தாழ 42 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தார்.

அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, இதற்குமேல் உணவு ஊட்டி அந்த உடலை வதைக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மூன்று மருத்துவர்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. மீன் கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார் என்பது உட்பட நர்ஸுகள் சொன்ன சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் வழக்கில் பதிவாயின. எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் ஒன்று உண்டு: அதுவரை 37 ஆண்டுகள் படுத்தே கிடந்தவரின் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை.

படுத்த படுக்கையான ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். ஈரம் தங்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் விழக் கூடாது. ஓர் இரவு கண்ணயர்ந்தால் போதும், மறுநாள் இடுப்புப் பக்கம் தோல் சிவந்திருக்கும். பார்த்துக்கொண்ட நர்ஸுகள் ஓய்வுபெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். அந்தக் கவனம் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

2011 மார்ச் 7 அன்று விரானியின் மனு தள்ளுபடியானது. அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்த இந்தியாவில் முதன்முதலாக வழிவிட்டது. விரானியின் இரக்கம் பொய்யல்ல. ஆனாலும் தினமும் துடைத்த கைக்கு அதிக உரிமை உண்டு என்ற முடிவில் ஓர் ஆழமான நியாயம் இருக்கிறது.

உயிரை விடுவது பாவமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சமண வழக்கமான சல்லேகனையைத் தற்கொலை என்று 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடை செய்ய, சில வாரங்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. சமணர்களின் வாதம் ஒன்றுதான்: நோன்பிருப்பவர் தெளிந்த அறிவோடு, தன் வாயால் கேட்டு ஏற்கிறார். அருணாவால் கேட்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பழைய அறம் கைகொடுக்காத இடம் இதுதான்.

அருணாவைப் போலப் பேச முடியாத ஒருவருக்காகத்தான் ஐசியு வாசலில் பல குடும்பங்கள் நிற்கின்றன. வென்டிலேட்டரில் இருப்பவர் பேச மாட்டார். வெளியே பிள்ளைகள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, நகையை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். கடைசியில், 'நாங்களே கூட்டிட்டுப் போறோம்' என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போட வைத்தது நோயாளியின் விருப்பமா, பணமா? பல வீடுகளில் பணம்தான். இதைச் சொல்லாமல் கண்ணியமான மரணம் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

எப்படிச் சாக வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு தந்தது. மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் அதைப் பயன்படுத்துவது கடினமாக இருந்தது. 2023-இல் அதைத் தளர்த்தினார்கள்: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். பிறகு சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சாவைப் பற்றி வாய் திறந்தாலே 'வாயைக் கழுவு' என்று அதட்டும் வீட்டில், அந்தத் தாளை எடுத்து யார் முன்னால் வைப்பது?

2015 மே 18 அன்று நிமோனியாவால் அருணா இறந்தார். உடலைக் கேட்டு உறவினர்கள் வந்தபோது, இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்று நர்ஸுகள் மறித்தார்கள். பேசிப் பேசி, கடைசியில் மருத்துவமனை டீனும் உறவினர்களும் சேர்ந்தே இறுதிச் சடங்கைச் செய்தார்கள்.