கோரம் உண்டு, ஆள் உண்டா?

கொரோனா காலத்தில், 2021 தைப்பூசத்துக்குப் பக்தர்கள் பத்துமலைக்கு வரக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ரதம் மட்டும் போனது. மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் தெரிந்த கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பகுத்தறிவு பேசுகிற நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள் வைஃபையில் வருமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே நண்பர்கள் அந்த நாள்களில் தங்கள் சங்கத்தின் செயலவைக் கூட்டத்துக்கு வீடியோவை அணைத்து, மைக்கை அணைத்து, காரோட்டிக்கொண்டே ‘வருகை’ தந்தார்கள். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. பொறுப்பு மட்டும் வைஃபையில் வந்துவிடுமா?

திரையைப் பார்த்துக் கும்பிடுகிறவரால் அடுத்தவருக்கு நட்டமில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் இயக்குநர் வாரியத்தில் பெயர் மட்டும் திரையில் இருந்து, ஆள் வேறெங்கோ இருந்தால், கட்டணம் கட்டுகிற பிள்ளைக்கு நட்டம், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற விரிவுரையாளருக்கு நட்டம், பக்கத்து நிலத்தில் குடியிருக்கிறவருக்கும் நட்டம்.

சுங்கை பூலோவில், நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் போல நிற்கும் ஜெஜந்தாஸ் உணவகத்தில் ஒரு நாள் பக்கத்து மேசையில் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். ஒரு காதில் இயர்போன். கைப்பேசி சாம்பல் கிண்ணத்தில் சாய்ந்து நின்றது. திரையில் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், சிலவற்றின் முன்னால் டத்தோ. அவர் மீ கோரெங் சாப்பிட்டார், தே தாரிக்குக்குச் சீனி குறைக்கச் சொன்னார், நடுவில் எழுந்து கை கழுவப் போனார். அந்த நேரத்தில் எதிர்முனையில் ஒரு குரல், ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கொள்கிறோம் என்றது. கைப்பேசி ஆட்சேபிக்கவில்லை. எந்த அமைப்பின் கூட்டமோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தேவையில்லை, எல்லா அமைப்புக்கும் பொருந்துகிற காட்சிதான்.

இதற்கு விதி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டத்தை ஒட்டி 2014இல், கொரோனாவுக்கு வெகு முன்பே, வீடியோ வழிக் கூட்டங்களுக்கு விதி எழுதினார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வோர் இயக்குநரும் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலும் தாள்களும் கைக்கு வந்துவிட்டன என்று சொல்ல வேண்டும். தன் பக்கத்தில் வேறு யாரும் இருந்து கேட்கவில்லை என்று உறுதி கூற வேண்டும். ஆண்டுக் கணக்கை ஏற்பது, நிறுவனங்களை இணைப்பது போன்ற பெரிய முடிவுகளுக்கு வீடியோ கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. 2021 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். மலேசியாவின் 2016 கம்பெனிச் சட்டத்தில் 327ஆவது பிரிவு, உறுப்பினர் கூட்டத்தைப் பல இடங்களை இணைத்துத் தொழில்நுட்பத்தின் வழி நடத்தலாம், ஆனால் முதன்மை இடம் மலேசியாவில் இருக்க வேண்டும், தலைவர் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது.

இந்த விதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தாள் வந்ததா என்று கேட்கிறார்கள். படித்தாயா என்று கேட்கவில்லை. பக்கத்தில் யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்பதில் அவ்வளவு அக்கறை. உள்ளே இருக்கிறவர் கேட்கிறாரா என்பதில் அக்கறையே இல்லை. கம்பெனிக்கு இது போதும் என்று வைத்துக்கொள்வோம், வணிக இரகசியம் என்று ஒன்று இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு இதே பூட்டு எதற்கு?

பூட்டைவிட முக்கியம், பொத்தான். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் ஊராட்சி மன்றம் சூமில் கூடியது. கூட்டத்தை நடத்தித்தர வந்த ஜாக்கி வீவர் என்ற அம்மையார், மன்றத்தின் தலைவரையே கூட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டார். உனக்கு இங்கே அதிகாரம் இல்லை என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். பின்னாளில் நடந்த விசாரணையும் முறைப்படி வீவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது. ஆனாலும் வெளியே போனவர் தலைவர். காணொளியைப் பார்த்து உலகமே சிரித்தது. சிரிக்க வேண்டிய விஷயமா? சட்டம் தலைவர் கையில் தந்த அதிகாரத்தை மென்பொருள் வேறொருவர் விரலில் தந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் அந்த விரல் யாருடையது? பெரும்பாலும் நிர்வாகத்தின் கீழ் சம்பளம் வாங்கும் ஓர் அலுவலருடையது. வாரியம் கண்காணிக்க வேண்டிய நிர்வாகமே, வாரியத்தின் வாயைத் திறக்கவும் மூடவும் முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கம்பெனிப் பங்குதாரர்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். முழுக்க இணையத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டங்களில் சங்கடமான கேள்விகளை நிர்வாகம் படிக்காமலே விட்டுவிடலாம் என்ற முறைப்பாடு நெடுநாளாக இருந்தது. 2025 மார்ச் 1 முதல், பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் முழு இணையவழிக் கூட்டம் நடத்த முடியாது, ஆள்கள் நேரில் வர ஓர் இடம் இருந்தாக வேண்டும் என்று மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் கட்டளை இட்டது. ஆயிரம் ரிங்கிட் பங்கு வைத்திருப்பவருக்குக் கிடைத்த இந்த உரிமை, நாலாண்டு கட்டணம் கட்டுகிறவருக்கு இல்லை.

அக்கூ (AUKU) என்று எல்லோரும் சொல்கிற 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, இயக்குநர் வாரியத்தில் தலைவர், துணைவேந்தர், அரசு அதிகாரிகள் இருவர், செனட் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் ஒருவர், தனியார் துறையினர், முன்னாள் மாணவர் ஒருவர் எனப் பட்டியல் போகிறது. பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் மக்களைப் பிரதிநிதிக்க ஒருவர் என்றும் ஓர் இருக்கை உண்டு. படிக்கிற மாணவருக்கென்று இருக்கை இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் 1975 முதல் ஒரு மாணவருக்கு ஓட்டு உண்டு. அதன் கூட்டம் சட்டப்படி பொதுக்கூட்டம், நேரலையிலும் பார்க்கலாம், பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு. இங்கே லெம்பா பந்தாய் கடைக்காரரை நிறுத்தி, மலாயாப் பல்கலைக்கழக வாரியத்தில் உங்கள் ஊர்ப் பிரதிநிதி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சுங்கை பூலோவுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. 1926 சட்டம் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னது. 1930இல் இங்கே பெரிய குடியிருப்பு திறந்தார்கள். அங்கே அடைபட்டவர்களின் உடலிலிருந்துதான் டாப்சோன் மருந்துக்கு நோய்க்கிருமி எதிர்ப்பு காட்டுவதை 1964இல் உலகத்துக்கு நிரூபித்தார்கள். முன்வினை என்று ஊர் ஒதுக்கிய நோயைக் கிருமி என்று விஞ்ஞானம் காட்டியது, மருந்தும் வந்தது. ஆனால் குணமானவர்களுக்குப் போக வீடு இல்லை. அங்கேயே தங்கிப் பூச்செடி வளர்த்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கார் நிறுத்திப் போகன்வில்லா வாங்கும் நர்சரிகள் அவர்கள் தொடங்கியவை. 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதியை இடித்தார்கள், யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் எழுந்தது. முதியவர்கள் எதிர்த்தார்கள். 2019இல் இந்தக் குடியிருப்பு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது.

மருத்துவக் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யூஐடிஎம்முக்கு 1976இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது, அக்கூ அதற்குப் பொருந்தாது என்பதும் தெரியும். எந்தச் சட்டமானாலும், வீட்டை இழக்கப்போகிற கிழவர் அந்த மேசையில் பேசியிருக்க வேண்டுமா, இல்லையா? அன்றைக்கு வழி இல்லை, தூரம், இடமில்லை, நாற்காலி இல்லை என்று சாக்குச் சொல்லலாம். இன்று ஓர் இணைப்பு அனுப்பினால் போதும். தொழில்நுட்பம் அந்தச் சாக்கைக் கொன்ற பிறகும் கதவு மூடியே இருக்கிறது என்றால், இதுவரை மூடி வைத்தது தூரம் இல்லை.

டெண்டர் விலை வெளியே தெரியக்கூடாது, ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை ஊர்ப்பேச்சாகக் கூடாது என்பார்கள். சரி, அந்த அரை மணி நேரம் நேரலையை நிறுத்துங்கள். கட்டணம், நிலம், புதிய கட்டடம், பாடத்தை மூடுவது ஆகியவற்றைத் திறந்து வையுங்கள். திரையில் முகம் தெரியாதவரை, கூட்டம் செல்லத் தேவையான கோரத்தில் எண்ணாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எழுதாமல், பெயர் சொல்லி ஓட்டுக் கேளுங்கள், கூட்டக் குறிப்பில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று வரட்டும். வெளிச்சம் வந்தால் உறுப்பினர்கள் நடிப்பார்கள், உண்மையான பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போய்விடும் என்பார்கள். போகும்தான். ஆனால் எல்லோர் முன்னும் கேட்ட கேள்விக்கு எல்லோர் முன்னும் பதில் சொல்லியாக வேண்டும், வாட்ஸ்அப்பில் அது இல்லை.

பல்கலைக்கழகத்தை மட்டும் கேட்டுவிட்டு நம் வீட்டை விட்டுவிடுவது வசதியாக இருக்கும். கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி வாரியம், கூட்டுறவுச் சங்கம், பகுத்தறிவு பேசும் அமைப்பு என எல்லாவற்றிலும், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முடிந்து இத்தனை காலம் ஆகியும், எல்லோரையும் மியூட் செய்கிற பொத்தானை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். கணக்கு வாசித்து முடித்ததும் ‘நேரம் இல்லை’ என்று கூட்டத்தை மூடுகிறார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு இணைப்பு வந்தால், முதல் வேலையாகச் செயலாளருக்கு எழுத்தில் கேளுங்கள்: அந்தப் பொத்தான் யார் கையில், அவரை நியமித்தது யார், எந்தத் தீர்மானத்தின்படி?